மூன்றாவது பெஞ்சில் கேட்கவும்

கோபம் வந்தால் மிளகாய்க்குக் காதுமடல் வரை சுடும். வீட்டில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்ததே அதனால்தான். அன்று காலையிலேயே சுட ஆரம்பித்துவிட்டது.

வகுப்புச் சுவரில் புதிதாக ஒரு படம். வில்லாக வளைந்த காலுடன் ஒரு சிறுமி. கீழே பெரிய எழுத்தில், ‘பால் குடிக்காத பிள்ளையின் கால்’.

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த மிளகாயின் கால்களும் அப்படித்தான் வளைந்திருந்தன.

“நீ பாலைக் கீழே ஊத்திடுவியா?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். கேலிக்கு அல்ல, நிஜமாகவே கேட்டாள். எரிச்சலே அதுதான்.

பாலா? தினம் இரண்டு டம்ளர். அதுபோக, உப்புக் கரிக்கும் பாஸ்பேட் மருந்து நாலு வேளை.

டீச்சரிடம் போய்ச் சொன்னாள். நோட்டுத் திருத்தும் அவசரத்தில் இருந்த டீச்சர், அது பொதுவாகப் போட்ட படம், உன்னைச் சொல்லவில்லை, போய் உட்கார் என்றார்.

மதியம் வகுப்பின் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். அவர் மிளகாயின் அப்பா. அவருக்கும் அதே வளைந்த கால். அவரிடமிருந்துதான் இந்த நோய் அவளுக்கு வந்தது. அவர் படத்தை வாசித்தார். கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கதவின் திருகாணியை முடுக்கத் தொடங்கினார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏம்ப்பா சும்மா இருக்கீங்க?”

“பழகிடுச்சும்மா. விடு.”

“எனக்குப் பழகல. பழகவும் வேணாம்.”

படத்தைக் கிழித்தெறியக் கை துறுதுறுத்தது. கிழித்தால், கிழித்த கதையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். பால் கதை அப்படியே இருக்கும். அதனால் டீச்சரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். கதவருகே நின்ற தச்சரின் கால்களையும் பார்த்தார். தாளைக் கொடுத்தார்.

பேனா முனை நசுங்கும்படி அழுத்தி எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்:

‘நான் பால் குடிக்கிறேன். எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டை என் சிறுநீரகம் பிடித்துவைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. கால் வளைந்தது அதனால்தான். என் மேல் தப்பில்லை. என் அம்மா மேலும் இல்லை. சந்தேகம் இருந்தால் மூன்றாவது பெஞ்சில் கேட்கவும்.’

‘சிறுநீர்’ என்ற இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்த முறைப்பில் சிரிப்பு பாதியில் நின்றது.

டீச்சர் எழுந்து வந்தார். படத்தின் கீழே இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். “நான் விசாரிக்காம போட்டுட்டேன்” என்றார், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.

அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மகள் எழுதியதற்குக் கீழே மெல்ல எழுதினார்: ‘எனக்கும் இதே நோய். பால் கொடுக்கவில்லை என்று என் அம்மாவை எல்லாரும் திட்டினார்கள். அவர் மேலும் தப்பில்லை.’

இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது அது. மிளகாய் இரண்டு முறை வாசித்தாள். காது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

“பெரிசா எழுதுங்கப்பா” என்றாள். “கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்.”