யாரோ கை தட்றாங்க

"இன்னாங்க, அங்க யாரோ கை தட்டிக்கினே கீறாங்க?" என்று போனில் புவனேஸ்வரி கேட்டதும், மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த மதன் நின்று திரும்பிப் பார்த்தான். பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போயிருந்தது; சாக்கடை நாற்றமும் யார் வீட்டிலோ மீன் வறுக்கிற வாசனையும் கலந்து வந்த அந்தச் சந்தில், வழக்கமாகக் குறுக்கே படுத்திருக்கும் நாயைக்கூடக் காணவில்லை. அவன் காதில் எந்தக் கைதட்டலும் விழவில்லை.

"யாரும் இல்லியே."

"எனுக்கு நல்லா கேக்குது."

இதே கேள்வியைப் போன மாதமும் கேட்டிருந்தாள். அன்று அவன் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஷெட்டில், உயரத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருந்தான். ஷெட்டிலேயே முதலில் செல்போன் வாங்கியவன் என்ற பெருமை வேறு. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெண்டாட்டியிடம் கொஞ்சிக்கொண்டிருந்தான். கீழே நின்று "வரட்டும், வரட்டும்" என்று சரக்கை இறக்கச் சொல்லும் குப்புராஜ், திடீரென்று நிறுத்தச் சொல்லிக் கை தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். போனில் புவனேஸ்வரிக்கே கேட்டது.

"அது கெடக்குது, நீ சொல்லு," என்றான் மதன்.

இரும்புத் தகடு குப்புராஜின் மேல் இறங்கியது. விசாரணையில், "அவன் கையே தட்டல சார்," என்று மதன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான். பழி செத்தவன் தலையில் விழுந்தது. மதனுக்கு ஒருநாள் தூக்கம்கூடக் கெடவில்லை.

"நீ எங்க நிக்கிற?" என்றான் இப்போது.

"ஊட்ல டவரே கிடைக்கல. மொட்டை மாடிக்கு வந்துட்டேன்."

அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. "எறங்கு மொதல்ல," என்று அவன் சொல்வதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

ஓடினான்.

தெருமுனை திரும்பியதும் தெரிந்தாள். மாடியில், தெருவுக்கு முதுகு காட்டி. காதோரம் போனின் சின்ன வெளிச்சம். இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

யாரிடம்?

அவன் போன் அவன் கையில் அணைந்து கிடந்தது.

"புவனா!"

திரும்பவில்லை. காதில் போன் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சு விழாது. அவனிடமிருந்து அவளுக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"இன்னும் பின்னால வரணுமா? அங்கதான் டவர் கிடைக்குமா? சரிங்க."

ஓர் அடி பின்னால்.

சிரித்தாள். "இன்னாத்துக்கு 'வரட்டும், வரட்டும்'ன்றீங்க?"

இன்னோர் அடி.

படிக்கட்டு வீட்டுக்குப் பின்னால். நேரமில்லை. கத்தினான். அவள் காதில் ஏறவில்லை.

கை தட்டினான். உள்ளங்கை எரிய. மறுபடியும். மறுபடியும்.

"யாரோ கை தட்றாங்களே," என்றாள் போனில்.

எதிர்முனை சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

"சரி, அது கெடக்குது. நீங்க சொல்லுங்க."

கீழே அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் குதிகால் விளிம்பைத் தாண்டி, இருட்டில் தரையைத் தேடியது.