கடற்பஞ்சுக் கசாயம்

கோயம்புத்தூரில் கடல் வாசம் அடிக்க ஒரு நியாயமும் இல்லை. இருந்தும் மூன்று நாளாக நஸ்ரியாவின் தலையணையில், துப்பட்டாவில், பல் துலக்கிய வாயில்கூட அந்த உப்புக் கவிச்சி வந்துகொண்டே இருந்தது. "மீன் கழுவுனியா?" என்று கணவன் சஹீர் கேலி செய்தான். வீட்டில் ஒரு வாரமாக ரசம்தான்.

சரவணம்பட்டி ஆய்வுக்கூடத்தில் அவளும் லோகப்பிரியாவும் கடற்பஞ்சுகளை ஊறவைத்து, அந்தச் சாற்றில் புற்றுநோய்க்கு மருந்து தேடினார்கள். தேறியது ஒரே சாறு. அதைக் கொடுத்த எலிகளும் செத்துத் தொலைந்தன. ஏழு வருடச் சிநேகிதி லோகப்பிரியா அசரவில்லை. நஸ்ரியாவின் மூட்டுவலிக்கென்று தினமும் ஃபிளாஸ்க்கில் நொச்சிக் கசாயம் வேறு கொண்டுவந்தாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா?

ஞாயிறு மத்தியானம் உள்ளங்கை தாங்க முடியாமல் அரித்தது. லோகப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"லேபுக்கு வா கண்ணு, களிம்பு தாரேன். நானும் வாரேன்."

நஸ்ரியாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். ஆளில்லாத கூடத்தில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருக்க, குடுவைகளின் நிழல் தரையில் கோணலாக விழுந்து கிடக்க, அந்தக் கவிச்சி அவளுக்கு முன்பே உள்ளே வந்து காத்திருந்தது போலிருந்தது. நுண்ணோக்கியின் கீழே கையை வைத்தாள்.

ஓட்டைகள். வரிசை வரிசையாக. திறந்தன. மூடின.

உயிருள்ள கடற்பஞ்சு தண்ணீர் குடிப்பதைத் தினமும் பார்ப்பவளுக்கு அடையாளம் தெரியாதா?

மேசைமேல் கிடந்த லோகப்பிரியாவின் நோட்டைப் புரட்டினாள். பன்னிரண்டு எலிகள், பன்னிரண்டு சாவுத் தேதிகள். அடுத்த வரி: '13. நஸ்ரியா. கசாயத்தில் கலந்து. நாள் 21. உயிரோடு.'

அடிப்பாவி! ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, இவள் நன்றாயிருக்கட்டும் என்று துவா செய்தாளே, அதுதான் நெஞ்சைக் கிழித்தது.

"வந்துபோட்டியா கண்ணு?" வாசலில் லோகப்பிரியா. கையில் கையுறை.

"என்னை என்னடி செஞ்ச?"

"சொல்லிப்போட்டா நீ குடிச்சிருப்பியா? எலிக்கு ஒத்துக்கல, உனக்கு ஒத்துக்கிச்சு. இனி உங்கிட்டருந்துதான் மருந்து எடுக்கோணும்." அழுதாள். நிஜமாகவே அழுதாள். அழுதுகொண்டே கதவைத் தாழிட்டாள்.

நஸ்ரியா பின்வாங்கினாள். முதுகில் சில்லென்று கண்ணாடி. ஆள் உயரத் தொட்டி, விளிம்புவரை ஆல்கஹால். கடலில் எடுத்த உயிரைப் பதப்படுத்தப் போடும் முன் பெயர்ச் சீட்டைத்தான் முதலில் போட வேண்டும். மை கரைந்துவிடும், பென்சிலில்தான் எழுத வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நஸ்ரியாதான்.

தொட்டிக்குள் வேறொன்றும் இல்லை. சீட்டு மட்டும் மிதந்தது. பென்சில் எழுத்து.

பெயர்: நஸ்ரியா. இடம்: சரவணம்பட்டி. எடுத்த நாள்: இன்றைய தேதி.