தா போலே முனை

செல்லக்கண்ணு தூக்குச்சட்டியோடு பட்டறைக்குள் நுழைந்தபோது, அவளுடைய அப்பாவை யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, மேஸ்திரி காதர் மைதீன்தான். அப்படி ஒரு தொண்டை சிராங்கூன் ரோட்டில் வேறு யாருக்கும் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் எதிர்க் கொட்டகையில் கட்டிய மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"இந்தக் கூடையைப் பாரு, தங்கராஜு. இத்தனையும் கழிவு. காலையிலேருந்து நீ துளை போட்டியா, இல்ல தூங்கினியா?"

"என் துளை சரியாத்தான் இருக்கும், மேஸ்திரி," என்றார் அப்பா. அவர் காது மட்டும் சிவந்திருந்தது. கோபம் வந்தால் அப்பாவுக்குக் காதுதான் முதலில் சிவக்கும்.

அது சிங்கப்பூர் முழுக்க ரிக்‌ஷா ஓடிய காலம். மோட்டார் கார் ஒன்று வந்தால் எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பட்டறையில் ரிக்‌ஷாச் சக்கரத்துக்குப் பித்தளையில் புஷ் செய்தார்கள். புஷ் என்றால் வேறொன்றுமில்லை, சின்னக் குழாய்த் துண்டு. சக்கரத்தின் நடுவில் அதை அடித்து இறக்குவார்கள். அதன் துளைக்குள்தான் அச்சு சுற்றும். துளை இறுக்கமாக இருந்தால் சக்கரம் சுற்றாது. தொளதொள என்று இருந்தால் சக்கரம் ஆடும். ஆடி ஆடி ஒருநாள் அது தனியாக ஓடும். ரிக்‌ஷாவில் ஏறியவர் சாக்கடையில் கிடப்பார்.

செல்லக்கண்ணுவின் அப்பா லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் அந்தத் துளையைப் போடுகிறவர். துளை சரியா என்று கேஜ் என்ற அளவுக் குச்சியை விட்டுப் பார்க்கிற வேலை அவளுடைய மாமா சுப்பிரமணியத்துக்கு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பாதான் மேஸ்திரியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். பார்க்கிற வேலை இன்றைக்குத்தான் கைக்கு வந்திருந்தது.

"உன் மச்சினனே கழிச்சுப் போட்டிருக்கான்," என்றார் மேஸ்திரி. "இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

"கேஜைக் குடுங்க. நானே ஒரு தடவை பாக்குறேன்."

"செஞ்சவனே சோதிக்கிறதா? அந்தப் பழக்கம் இந்தப் பட்டறையில கிடையாது. பரீட்சையை எழுதினவனே திருத்துவானா?"

"அப்ப கேஜ் தேஞ்சிருக்கும்."

மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதற்குத் தாய் வளையம் என்று பெயர். அதை வைத்து வேலை எதுவும் செய்யமாட்டார்கள். கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்க்க மட்டும்தான் அது.

மாமாவிடமிருந்து கேஜை வாங்கித் துணியால் துடைத்தார். அது உருண்டையான இரும்புக் குச்சி. இரண்டு பக்கமும் மழமழ என்று முனை, ஒன்று மட்டும் ஒரு மயிரிழை தடிப்பு. ஒரு முனை தாய் வளையத்துக்குள் வெண்ணெய்போல வழுக்கிப் போனது. மறுமுனையை வைத்தார். அது வாசலிலேயே நின்றுவிட்டது.

"பாத்தியா? கேஜ் சரியா இருக்கு. நீதான் சரியில்ல." கேஜை மாமாவின் கையில் திரும்பக் கொடுத்தார். "பாக் சாலே அடுப்பு மூட்டிட்டாரு. இந்தக் கூடையை உருக்கிடுவோம். உருக்கி முடிஞ்சதும் நீ லேத்தை வேற ஆளுக்கு விட்டுடு."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பின்பக்கம் துருத்தி ஊதுகிற சத்தம் கேட்டது. பாக் சாலே என்கிற மலாய்க்காரர் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். பித்தளை உருக்கும் மண்சட்டி இன்னும் சிவக்கவில்லை.

மாமா ஓரத்தில் உட்கார்ந்து மீதிப் புஷ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. தன் அக்கா வீட்டுக்காரருக்குத் தன்னாலேயே வேலை போகிறதே என்று அவருக்கு வருத்தம். செல்லக்கண்ணு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"சாப்பிடலையா மாமா?"

"எறங்காது, கண்ணு."

அப்போது கூலியாள் ஒருவர் கழிவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பாக் சாலே கையைக் காட்டி, "நந்தி, நந்தி," என்றார்.

மாமா திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "மாடு உள்ள வந்துடுச்சா?"

இந்த நேரத்திலும் செல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாடு இல்ல மாமா. மலாய்ல நந்தின்னா 'பொறு'. சட்டி இன்னும் சூடாகலையாம்."

"என்ன பாஷையோ. நம்ம பேச்சு மாதிரியே இருக்கு, அர்த்தம் மட்டும் வேற."

அவளுக்கு மலாய் நன்றாக வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கல்லாங்காய் ஆடும்போது மலாயில்தான் சண்டை போடுவாள்.

மாமா ஒரு புஷ்ஷை எடுத்தார். கேஜின் ஒரு முனையை விட்டார். சுகமாகப் போனது. மறுமுனையை வைத்தார். போகவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே அதைக் கழிவுப் பக்கம் போட்டார்.

செல்லக்கண்ணு அவர் கையையே பார்த்தாள். தாய் வளையத்திலும் இப்படித்தானே நடந்தது? ஒரு முனை போனது, மறுமுனை நின்றது. அதைப் பார்த்துத்தானே மேஸ்திரி சரி என்றார்?

"அதை ஏன் மாமா கழிச்சீங்க?"

"தா போலே போகலையே. மேஸ்திரி காலையில சொல்லிக் குடுத்தாரு. இந்த முனை போலே, அந்த முனை தா போலே."

"சரி, அதுக்கு?"

"போலே முனை போகணும். அப்புறம் தா போலே. 'தா'ன்னு அதுலயே சொல்லியிருக்கே. அந்த முனை போனா புஷ்ஷை மேஸ்திரிகிட்டத் தந்துடணும். போகலைன்னா தரக்கூடாது. கழிவு."

செல்லக்கண்ணு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மாமா," என்றாள் மெதுவாக. "அது தமிழ் இல்ல. மலாய். போலேன்னா 'முடியும்'. தா போலேன்னா 'முடியாது'. அந்த முனை போகவே கூடாது. போச்சுன்னா துளை பெருசுன்னு அர்த்தம்."

மாமாவின் கையிலிருந்த கேஜ் நின்றுவிட்டது.

"அப்ப நான் கழிச்சதெல்லாம்?"

"நல்லது."

"நான் தந்ததெல்லாம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நல்லது என்று வைத்த சின்னக் கூடையில் கொஞ்சம் புஷ்தான் இருந்தது. எல்லாம் தொளதொள. அதை ஏற்றிப்போக வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றிருந்தது.

மாமா அவள் கையைப் பிடித்தார். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா என்னைத் திரும்பக் கப்பல் ஏத்திடுவாரு, கண்ணு."

"தெரியலைன்னா அப்பாவுக்கு லேத் போயிடும், மாமா."

யாரைக் காப்பாற்றினாலும் இன்னொருவர் போவார். பத்து வயதுப் பெண் இதற்கு என்ன செய்வாள்? பெரியவர்களாக இருந்தால் அன்று சாயங்காலம்வரை யோசித்திருப்பார்கள். அதற்குள் பித்தளை குழம்பாகியிருக்கும்.

பின்பக்கம் துருத்திச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். சட்டி செக்கச் செவேல் என்று இருந்தது. பாக் சாலே கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

"நந்தி, பாக் சாலே, நந்தி," என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. மேஸ்திரி ஓடி வந்தார். அப்பாவும் வந்தார்.

"யாரு அடுப்பு வேலையை நிறுத்தச் சொன்னது? கரி என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றார் மேஸ்திரி.

செல்லக்கண்ணு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேஜை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூணோடு தூணாக நின்றார்.

"மேஸ்திரி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள். "அந்தக் கேஜை எப்படிப் பாக்குறதுன்னு எனக்குச் சொல்லித் தாங்களேன்."

"இப்பவா? போய் சோத்தைப் போடு உங்கப்பனுக்கு."

"ஒரே ஒரு தடவை. காலையில மாமாவுக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி சொன்னாப் போதும்."

பாக் சாலே சிரித்தபடி புஷ்ஷைத் திரும்பக் கூடையில் போட்டார். மேஸ்திரிக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான். கேஜை வாங்கி அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது போலே. அது தா போலே. அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. அந்த முனை போனா, தா. எடுத்து உங்ககிட்டத் தந்துடணும். அப்படித்தானே?"

"தரணுமா? யாரு சொன்னா?"

"நீங்கதான் இப்ப 'தா'ன்னு சொன்னீங்க."

மேஸ்திரி கேஜைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெரிய கூடையைப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு ஒன்று மெதுவாக ஓடியது.

சட்டென்று குனிந்து கூடையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்தார். போலே முனை போனது. தா போலே முனை நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. கூடையின் அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தார். அதுவும் அப்படியே.

அடுப்பில் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வாசல்ல வண்டியை நிறுத்து," என்று மேஸ்திரி உறுமினார். "அந்தச் சின்னக் கூடை வெளியே போகக் கூடாது."

அப்போது மாமா தூணை விட்டு முன்னால் வந்தார்.

"பாப்பா எனக்காகத்தான் கேட்டுச்சு, மேஸ்திரி. தப்பாப் புரிஞ்சுக்கிட்டது நான். அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல. என்னை அனுப்பிடுங்க."

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில 'புரிஞ்சுதா'ன்னு கேட்டேன். தலையை ஆட்டினியே, ஏன்?"

"பயம்."

"யாருக்கு?"

"உங்க தொண்டைக்கு."

பாக் சாலேவுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, துருத்திக்குப் பின்னால் குனிந்து சிரித்தார்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாகப்பட்டினத்துக்காரன்கிட்ட நான் மலாயில பாடம் நடத்தியிருக்கேன். உன்னை அனுப்பினா என்னையும் சேத்துல்ல அனுப்பணும்." இதைக் கொஞ்சம் சின்னக் குரலில்தான் சொன்னார். அதாவது, மற்றவர்கள் பேசுகிற அளவுக்கு.

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "என்ன நிக்கிற, தங்கராஜு? லேத் சும்மா கிடக்கு. போய் வேலையைப் பாரு." மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அப்படித்தான். ஆனால் அப்பாவின் காது பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

செல்லக்கண்ணு கூடையோரம் நின்று யோசித்தாள். பட்டறைக்கு இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். சீனம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், புதிதாகக் கப்பலில் இறங்குகிறவர். எல்லாரிடமும் 'தா போலே' என்று சொன்னால்?

வாசலில் ரிக்‌ஷா மட்கார்டுக்கு அடித்த சிவப்புச் சாயம் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. விரலால் தொட்டு எடுத்தாள்.

"மேஸ்திரி, துளைக்குள்ள போற இடத்துல படாம, கைப்பிடி ஓரத்துல பூசட்டுமா? சிவப்பு இருக்கிற முனை போகக் கூடாது. சிவப்புக்கு எந்தப் பாஷையும் வேணாம்."

மேஸ்திரி யோசித்தார். அவர் எதையும் உடனே நம்புகிறவர் இல்லை. கையிலிருந்த கேஜைத் தாய் வளையத்தில் மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். எந்த முனை எது என்று உறுதி செய்துகொண்டார்.

"பூசு. வழிய விடாதே."

அவள் தா போலே முனையின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். மாமா கூடையைக் கவிழ்த்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லது வண்டிக்குப் போனது. தொளதொள புஷ் மட்டும் பாக் சாலேவின் சட்டிக்குப் போனது. மூட்டிய கரியும் வீணாகவில்லை.

அன்றைக்கு வீட்டில் தோசை. மாமாவுக்குப் பசி எல்லாம் சேர்த்து வந்திருந்தது. தட்டு காலியாகக் காலியாக அம்மா போட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னொன்னு வைக்கட்டுமாடா?"

வாய் நிறைய இருந்ததால் மாமா சொன்ன இரண்டு வார்த்தையும் ஒட்டிக்கொண்டு வந்தது. "தா போலே."

அம்மாவுக்கும் மலாய் தெரியும். சரி, முடியாதாம் என்று தோசையைத் தூக்கிச் செல்லக்கண்ணுவின் தட்டில் போட்டுவிட்டார்.

மாமா அந்தத் தோசையைப் பார்த்தார். செல்லக்கண்ணுவைப் பார்த்தார். அவசரமாக விழுங்கினார்.

"அக்கா," என்றார் பாவமாக, "போலே மட்டும்தான் மலாய். இது தமிழ் தா."