பாகவதர் நோட்டு காணாமற்போன விஜயதசமி

1946 அக்டோபர். காலை 6.40. மாதுங்காவில் வேங்கடசுப்ரமணியனின் பூஜையறை.

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களின் மேலிருந்த பட்டுத் துணியை அவர் எடுத்தார். மேலே பழுப்பு அட்டை நோட்டு. அட்டையில் காய்ந்த சந்தனம், குங்குமம். பட்டின் அடியில் அதே இடத்தில் ஒரே ஒரு பொட்டுத் தடம். நோட்டைப் பிரித்தார். எல்லாம் வெற்றுத் தாள்கள்.

அவருடைய பாட்டனார் சுப்பராம பாகவதர் தம் நாற்பத்தெட்டு கீர்த்தனைகளையும் எழுதி வைத்த ஒரே நோட்டு போய்விட்டது. பாகவதர் கண்ணை மூடினால் கீர்த்தனை முழுதாக வரும் என்று ஊர் சொல்லும். குடும்பம் அதை மறுத்ததில்லை. தினமும் விடியற்காலையில் நோட்டைத் திறப்பவர் வேங்கடசுப்ரமணியன் ஒருவரே. பூஜையன்று மட்டும் அவரும் தொடமாட்டார்.

பூஜையறை வாசலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார் பாடகர் பஞ்சு. மூன்று முறை பிரதி கேட்டு மறுக்கப்பட்டவர். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் பாட வந்து, மழையால் தங்கியவர்.

"போலீசைக் கூப்பிடறேன்," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"என் பையில ரெண்டு வேஷ்டியும் தொண்டைக்கு மிளகும்தான் இருக்கு மாமா. பாத்துக்குங்கோ."

6.55. மாடிவீட்டு சங்கரநாராயணன் வந்தார். ரயில்வேயில் தொலைந்த பார்சல்களை விசாரிக்கும் குமாஸ்தா. நோட்டையும் பட்டையும் பார்த்தார்.

"பொட்டு யார் வச்சது?"

"நான்தான்," என்று காபியை நீட்டினாள் வேங்கடசுப்ரமணியனின் மனைவி அபயாம்பாள். அவள் நடுவிரலில் நீலக் கறை.

"எப்போ?"

"நேத்து காலம்பற எட்டு மணிக்கு. ஈரத்தோடயே பட்டைப் போர்த்தினேன்."

"பேனாவெல்லாம்?"

"பூஜையில," என்றார் வேங்கடசுப்ரமணியன். "நேத்து இந்த வீட்ல ஒருத்தரும் எழுதலை."

"அச்சா. ஓய், அப்புறமா மாத்தியிருந்தா பட்டுத் தடம் இந்தப் பொட்டோட இப்படிப் பொருந்தாது. எட்டு மணிக்கே பட்டுக்கடியில இருந்தது இந்தப் போலிதான். பஞ்சு வந்தது சாயங்காலம். பேனாவெல்லாம் பூஜையில, ஆனா ஒரு விரல்ல மட்டும் மை." அவர் திரும்பினார். "மாமி, எத்தனை கீர்த்தனை எழுதியாச்சு?"

"நாப்பத்தெட்டும். மூணு பூஜையா, வருஷத்துக்குப் பதினாறு. எப்பவும் விடியறதுக்குள்ள திருப்பி வச்சுடுவேன். இந்தத் தடவை பஞ்சு வழியில படுத்துண்டுட்டான்."

"பேனா?"

"உங்காத்து விஜயலக்ஷ்மி குடுத்தா."

மனைவியின் பெயரைக் கேட்டதும் சங்கரநாராயணன் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"உள்ள இருக்கறது வெளியில தெரியலாமா?" வேங்கடசுப்ரமணியனின் குரல் தாழ்ந்தது.

"உங்க தாத்தா ஒரு பல்லவியைப் பதினோரு தரம் அடிச்சு அடிச்சு எழுதியிருக்கார். அதானே? தாள் பொடியறது. அப்புறம் அடிச்சதும் இருக்காது, பாட்டும் இருக்காது."

அபயாம்பாள் அரிசி டின்னிலிருந்து பழைய நோட்டையும் பிரதியையும் எடுத்து வந்து வைத்தாள். அடித்த வரிகளையும் அப்படியே எழுதியிருந்தாள்.

பஞ்சு அந்தப் பக்கத்தை முணுமுணுத்துப் பார்த்தார்.

"நான் ஒரு பல்லவி கட்டினேன் மாமா. மூணு தரம் சரியா வரலை. பாகவதருக்கெல்லாம் தானா வரும், நமக்கு ஏதுன்னு விட்டுட்டேன்."

வேங்கடசுப்ரமணியன் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். பிரதியைப் பஞ்சுவின் பக்கம் தள்ளினார்.

"விஜயதசமி இன்னிக்கு. பதினொண்ணையும் வரிசையாப் பாடு. ஒண்ணை விட்டாலும் போலீசைக் கூப்பிடுவேன்."