ஆறுதல் மேசைக்கு ஓர் ஆள்

நேர்காணலுக்குப் போகிற நாளில் என் கணவர் அடைக்கலம் விடிந்ததும் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டிவிடுவார். மாட்டி என்ன பயன்? எங்கள் முதல் மாடி வீட்டில் எதைத் தொங்கவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஈரம் ஏறிவிடும். கீழ்த்தளம் முழுக்கக் கடல். நான் பிறப்பதற்கு முன்பே வியாசர்பாடி வரைக்கும் வந்த தண்ணீர், மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிளம்புகிற வழியைக் காணோம்.

"இசை, சட்டை எப்படி இருக்கு?" என்றார் அன்றைக்கும்.

"நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு."

"பரவால்ல, படகுல போறப்போ காஞ்சிடும்."

இந்தப் 'பரவால்ல'தான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்த வார்த்தை. கல்யாணமான புதிதில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சோறு குழைந்தால் பரவாயில்லை, சம்பளம் குறைந்தால் பரவாயில்லை. இப்படியொரு மனிதரா என்று அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறேன். நமக்கென்று வந்தால்தானே தெரியும் அதன் விலை.

அவர் வங்கிக்காரர். வங்கியில் இப்போது கணக்கு, கடன், வசூல் எல்லாமே இயந்திரங்களின் வேலை. ஆனால் கடன் கிடையாது என்பதைச் சொல்ல மட்டும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்த இடத்துக்கு ஆறுதல் மேசை என்று பெயர். வந்தவர் அழுவார், திட்டுவார், சாபம் விடுவார். அடைக்கலம் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். மறுபடியும் வேறு வங்கி, வேறு நேர்காணல், அதே வேலை.

ஒவ்வொரு முறையும் பதவியின் பெயர் மட்டும் நீண்டுகொண்டே போனது. முதலில் மேலாளர், பிறகு முதுநிலை மேலாளர். கடைசி வங்கியில் 'உலக உறவுகள் பிரிவு முதுநிலைத் துணைத் தலைவர்'. சம்பளம் அதே வேகத்தில் தேய்ந்தது. கல்யாண வீடுகளில் "துணைத் தலைவர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார்கள். அவர் முகம் மலர்ந்துபோகும். மொய் எழுதுகிற இடத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பது நான்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மீட்டர். எதிர்பார்ப்புமானி என்பது அதன் அரசாங்கப் பெயர். நேர்காணல் அறையில் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். வாயால் நீங்கள் கோடி கேட்கலாம், அதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. எவ்வளவு கொடுத்தால் இந்த மனசு 'சரி, போதும்' என்று அடங்கும் என்பதைப் பட்டை படித்துவிடும். அதுதான் சம்பளம். பேரம் என்கிற அசிங்கம் ஒழிந்தது என்று இதைக் கொண்டுவந்தபோது மேடை போட்டுப் பேசினார்களாம். முன்பு வாய் உள்ள பிள்ளை பிழைத்தது. இப்போது மனசு அடங்காத பிள்ளை பிழைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டை இன்னோர் அளவும் எடுக்கும். மரியாதை எதிர்பார்ப்பு. நாலு பேர் 'வாங்க சார்' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு வங்கி ஒரு பெரிய பெயரைக் கொடுத்துவிட்டுப் பணத்தில் கை வைத்துவிடும். அடைக்கலத்துக்குப் பணம் எவ்வளவு வந்தாலும் போதும், மரியாதை என்றால் கொஞ்சம் சபலம். வங்கிகளுக்கு இதைவிட லட்டு மாதிரி ஆள் கிடைப்பானா?

எனக்குக்கூட எப்படியோ ஓடியிருக்கும். ஆனால் எங்கள் மகள் ஓவியாவுக்கு இழுப்பு வந்தது. ஒன்பது வயதுக் குழந்தை, நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். "ஈரத்துல படுக்க வெச்சுட்டு மருந்து குடுத்து என்னம்மா பிரயோஜனம்? ஆறாவது மாடிக்கு மேல வீடு பாருங்க. அடுத்த மழைக்காலத்தை இவ இங்க தாங்க மாட்டா." உயர உயர வாடகையும் ஏறும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஏக்கப் பயிற்சி மையம் ஒன்றுக்குப் போனேன். மனசார அதிகம் ஆசைப்படக் கற்றுக்கொடுக்கிற இடம். கட்டணத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு என்ன இரக்கமோ, கூடவே வாசல்வரை வந்தாள்.

"காசு வாங்காமச் சொல்றேங்க்கா. போதும்னு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வெளியாளு ஏக்கம் வர வைக்க முடியாது. வீட்லதான் முடியும். சும்மா சும்மா சொல்லிக் காட்டணும். அவரு எதைப் பாத்துத் திருப்திப்படுறாரோ, அதைப் பாத்து நீங்க மூஞ்சியைச் சுளிக்கணும். மனசு கேக்காது. ஆனா வேலை செய்யும்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து "ஆஹா" என்றார். "இதைப் போய் ஆஹாங்கறீங்களே, நாக்கு செத்துப்போச்சா?" என்றேன். பால்கனியில் நின்று அலை பார்த்தால், "மேல் மாடிக்காரங்க துப்புறது தலையில விழும், உள்ள வாங்க" என்பேன். பதினாலாவது மாடியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரரைச் சாப்பாட்டுக்குச் சாப்பாடு இழுப்பேன். முதலில் சிரித்தார். பிறகு சமாதானம் சொன்னார். "உனக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா இசை?" என்றுகூட ஒருநாள் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "முடியாதது எனக்கில்ல, உங்களுக்கு" என்றேன்.

அவ்வளவு சொல்லியும் மனிதர் அசையவில்லை. அப்போதுதான் அந்த மதியம் வந்தது. ஓவியா மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவர் விசிறிக்கொண்டே, "காலைக்கு இப்போ பரவால்ல போல" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"மேசைக்கு எதிர்ல வந்து உட்கார்றவனுக்கெல்லாம் தண்ணி குடுக்கத் தெரியுது. பெத்த பொண்ணுக்கு மூச்சு வாங்கிக் குடுக்கத் துப்பில்ல. நீயெல்லாம் என்ன துணைத் தலைவரு? உன்னைச் சாருன்னு கூப்பிடறவங்க பின்னாடி சிரிக்கிறாங்க, தெரியுமா? நானே சிரிச்சிருக்கேன்."

அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சிரித்ததும் கிடையாது. பயிற்சிக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பாதி நிஜக் கோபம். ஓவியா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விசிறிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு எந்தச் சாப்பாட்டுக்கும் ஆஹா சொல்லவில்லை. பால்கனிப் பக்கம் போகவில்லை. வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் முதலில் சொன்ன அந்த நேர்காணல் நாள் காலையில், சட்டைக்கு அந்தப் பழைய 'பரவால்ல'வைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பட்ட பாடெல்லாம் போச்சே என்று அவரோடு நானும் படகேறிவிட்டேன்.

நெய்தல் வங்கியின் நேர்காணல் அறையில் ரெஜினா என்ற அம்மாள் இருந்தார். மேசையில் 'தலைமை மனிதவளப் பேரியக்குநர்' என்று பலகை. புடவையின் ஓரம் நைந்திருந்தது. அந்தப் பெயரைக் கொடுத்து எவ்வளவு பிடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன். குடும்பத்தார் உடன் உட்காரலாம் என்பது விதி, அதனால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

பட்டையைக் கட்டிவிட்டுச் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க சார்?"

"நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்" என்றார் அடைக்கலம்.

எனக்குத் தலையில் இடி. எத்தனை தலைமுறையாக நம்மாட்கள் இதையே சொல்லி ஏமாந்திருப்பார்கள்! ரெஜினா அம்மாளே சிரித்துவிட்டார். "இன்னும் இப்படிக் கேக்கற ஆளு இருக்கீங்களா சார்?" என்று திரையைப் பார்த்தவர், சிரிப்பை நிறுத்தினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய சம்பளத்தைப்போல மூன்று பங்கு.

"எட்டாவது மாடி!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் கையைப் பிடித்தேன். அது என் கைக்குள் சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

ரெஜினா அம்மாள் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். திரையைத் தட்டினார். "பதவிப் பேரு வரலை சார்" என்றார்.

"வரலைன்னா?" என்றேன்.

"மரியாதை எதிர்பார்ப்பு பூஜ்யம்னு காட்டுதும்மா. பட்டை லூசோன்னு பாத்தேன், இல்ல. இங்க படகு துடுப்பு போட வர்றவங்களுக்குக்கூட கொஞ்சமாவது காட்டும். மனுஷன்னா இருக்குமில்ல?" என்றவர், குரலைத் தாழ்த்தி அவரிடம், "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார் அவர். "பேரு எதுக்கு? சம்பளம் அதுதானே? கையெழுத்து எங்க போடணும்?"

நான் கெஞ்சினேன். "ஏதாவது ஒண்ணு போடுங்க மேடம். மேலாளர்னாவது போடுங்க. இவரு முதுநிலைத் துணைத் தலைவரா இருந்தவரு."

"ஆசைப்படாததைக் குடுக்க விதியில்லைம்மா" என்றார் ரெஜினா அம்மாள். ஒப்பந்தத்தில் பதவி என்ற இடத்தில் 'ஆள்' என்று அச்சாகி வந்தது. அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பி, "போலாமா?" என்று கேட்டார், உத்தரவு கேட்கிற மாதிரி.

இப்போது எட்டாவது மாடியில் இருக்கிறோம். துணி காய்கிறது. ஓவியா மாடிப்படியில் ஓடுகிறாள், ஓடாதே என்று கத்துகிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. இதை மட்டும் யார் வந்து தப்பு என்று சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. தங்கை வீட்டார் வந்திருந்தபோது, "எங்க வீட்டுக்காரரு மாதிரி வருமா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். முதல் பந்தியில் உட்காரவைத்தால், கடைசியாக எழுந்து எங்கள் எல்லார் தட்டையும் எடுத்துவிடுகிறார். ராத்திரி பகலாக 'என்னங்க, சொல்லுங்க' என்று குழைகிறேன். மீட்டரெல்லாம் வேண்டாம், அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஓவியா விளையாடப் போயிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க ரொம்ப நல்லவருங்க. எனக்குக் கெடைச்ச வரம்" என்றேன். சத்தியமாக மனசிலிருந்துதான் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபமில்லை, வருத்தமும் இல்லை, களைப்புதான்.

"சுத்தி வளைக்காத இசை," என்றார். "எவ்வளவு வேணும்?"