விலகல்

காப்பியை ஆற்றிக்கொண்டே பெனிட்டா சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்கு, சமையலறைச் சுவரில் இருந்த நிலைகாட்டியில் அவளுடைய விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

"கடல்சுவரைத் திறந்து விட்டுரணுங்க" என்றுதான் அவள் சொன்னாள்.

கணவர் அருள்சீலன் கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டார். நிலைகாட்டி தன் தணிந்த, பதற்றமில்லாத குரலில் பேசியது.

"பெனிட்டா அம்மா, உங்கள் பேச்சு உங்களிடமிருந்து விலகியிருக்கிறது. ஓய்வெடுங்கள். நாளை மீண்டும் பார்க்கலாம்."

"பாத்தியா?" என்றார் அருள்சீலன். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒரு வாரமா நானும் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன். இது நீ பேசுத பேச்சே இல்ல, பெனி."

தூத்துக்குடியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் எல்லா வீடுகளிலும் ஒரு நிலைகாட்டி இருந்தது. சோப்புப் பெட்டி அளவுதான், ஆளுக்கொரு விளக்கு. வீட்டிலிருப்பவர்களின் பேச்சை ஆண்டுக்கணக்கில் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் அகவரைவை எழுதி வைத்துக்கொள்ளும். எதற்குச் சிரிப்பார், எதற்குச் சண்டை போடுவார், எதை நம்புவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவர் தன் அகவரைவிலிருந்து விலகிப் பேசத் தொடங்கினால், மறதிநோய் வரப்போகிறது என்று பொருள். பெயர்களும் முகங்களும் மறப்பதற்கு வெகுகாலம் முன்பே கருத்துகள் குழம்பிவிடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கட்டத்திலேயே மாத்திரை கொடுத்தால் நோய் நின்றுவிடும். அருள்சீலனின் அண்ணன் அப்படித்தான் பிழைத்தார். பிழைத்த பிறகு அவர் எதைப் பற்றியும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் எல்லாருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

பிறகு சட்டமும் வந்தது. விலகல் சிவப்பைத் தொட்டவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது. அவர்களுடைய வாக்கை அவர்களுடைய அகவரைவே போட்டுவிடும். நோய் வந்த முதியவர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். அந்தச் சட்டம் வேண்டும் என்று பெனிட்டாவும் அருள்சீலனும் சேர்ந்துதான் ஊர்வலம் போனார்கள்.

சுவருக்காகவும் அப்படித்தான். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த ஆண்டுகளில், கரைக்காப்பு இயக்கத்தில் அருள்சீலன் முன்வரிசையில் நின்றார். பெனிட்டா நீரேற்று நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் எழுந்தது, ஊர் காய்ந்தது. இப்போது அதை இன்னும் உயர்த்துவதா, அல்லது மதகுகளைத் திறந்து தண்ணீரைப் பழைய உப்பளங்கள் வழியாகப் பரவவிடுவதா என்று பொதுவாக்கெடுப்பு வரவிருந்தது.

பெனிட்டாவின் மனம் மாறியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கூட வேலை பார்த்த இசக்கிப்ரியாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்று கேள்விப்பட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். இசக்கிப்ரியா கட்டிலில் படுத்தபடியே, "செருப்பக் கழட்டாத, உள்ளயும் போட்டுக்க" என்று சிரித்தாள். ஊர்ப்பக்கத்துத் தண்ணீரை இறைத்து எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பது பெனிட்டாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதில் நின்றதில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கால் விரல்கள் சுருங்கியே இருந்தன.

நலமையத்தில் இருந்த மருத்துவர் பெனிட்டாவின் மகள் வயதுதான் இருப்பார். விலகல் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"தலைவலி, தூக்கமின்மை ஏதாவது?"

"இல்ல டாக்டர். எனக்கு மனசு மாறிருக்கு. அவ்வளவுதான்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"நெசமாவே மாறினவங்க வந்தா என்ன சொல்லுவாங்க?"

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்களும் அதையேதான் சொல்லுவாங்க. இந்த வயசுல ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எங்ககிட்ட கருவி இல்ல. சிவப்பு வந்துட்டா மாத்திரை ஆரம்பிச்சிருவோம். பயப்படாதீங்க, மனசு லேசாயிரும்."

அந்த லேசுதான் பெனிட்டாவைப் பயமுறுத்தியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஒருவேளை இது நோயாகவே இருந்தால்? நோய் வந்தவளுக்கும் தன் மனம் இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்றுதானே தோன்றும்? வீட்டுக்கு வந்து பழைய நிலையத்தின் வால்வுகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒன்றின் பெயர் வரவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். துவைத்த துணிகளை மறுபடி துவைக்கப் போட்டாள். அந்தப் பெயர் கடைசியில் வந்தது. வந்த பிறகும் நிம்மதி வரவில்லை.

மறுநாள் அருள்சீலன் நூலகத்துக்குக் கிளம்பியதும் நிலைகாட்டியின் பின்மூடியைக் கழற்றினாள்.

உள்ளே இருந்தது அவளுக்குப் பழக்கமான உலகம்தான். நிலையத்தில் இதைவிட முரட்டுக் கணினிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். ஒலிவாங்கியிலிருந்து போகும் மெல்லிய கம்பியைக் கண்டுபிடித்து, அதில் தன் பழைய மின்சுற்றுச் சோதனைப் பலகையை இணைத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக, சில நாட்களில் அது வேலை செய்யும் விதத்தைப் பிடித்துவிட்டாள்.

நிலைகாட்டி பெரிய தாவலைத்தான் விலகல் என்று எண்ணியது. சின்னச் சின்ன மாற்றங்களை அகவரைவிலேயே சேர்த்துக்கொண்டது. தினமும் கண்ணாடி பார்ப்பவளுக்குத் தன் முகம் மூப்படைவது தெரியாதது போல. அவள் தன் குரலிலேயே பேசும் ஒரு செயலி எழுதினாள். முதலில், "சுவர் நல்லதுதான், ஆனா அந்தப் பக்கத்துக்காரங்க பாவம்." அடுத்து, "மதகு ஒண்ணு வச்சிருக்கலாம்." யாரும் வீட்டில் இல்லாத நேரங்களில், சத்தமே வராமல், அந்தப் பெனிட்டா கம்பி வழியாக நிலைகாட்டியோடு பேசிக்கொண்டே இருந்தாள். பல மாத மனமாற்றம் இரண்டு வாரத்தில் நடந்து முடிந்தது.

பிறகு ஒரு காலையில் பெனிட்டா தைரியமாக அதே வாக்கியத்தைச் சொன்னாள். விளக்கு பச்சையாகவே இருந்தது.

அருள்சீலன் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப... நீ எப்பவுமே இப்படித்தான் நினைச்சிருக்கியா?"

"ஆமா" என்றாள். சேர்ந்து போன ஊர்வலங்களையும் கத்திய கோஷங்களையும்விட அந்தச் சின்ன விளக்கை அவர் நம்பினார்.

ஆனாலும் அவர் தன் கருத்தை விடவில்லை. சாப்பாட்டில், மருந்துக்கடை வரிசையில், மாடியில் துணி காயப்போடும்போது என்று எங்கும் சண்டை. "சுவர் இல்லன்னா இந்தத் தெருவே இருந்திருக்காது. நீ உசுரோட நின்னு பேசுததே அதனாலதான்." ஒருநாள் இசக்கிப்ரியா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடமே, "நீங்கள்லாம் எந்திரிச்சு வேற ஊருக்குப் போயிரலாம்லா? யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டார். இசக்கிப்ரியா காப்பியை முடிக்காமலே எழுந்து போனாள்.

அன்று பெனிட்டாவுக்குக் கை பரபரத்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. தன் வாக்கை இவர் வாக்கு தின்றுவிடும் என்று தோன்றியது. அவர் நூலகத்துக்குப் போனதும் பின்மூடியைக் கழற்றினாள். அவர் குரல் நிலைகாட்டியிலேயே ஏராளமாக இருந்தது. அதே செயலியை அவருடைய அகவரைவின் மேல் ஓடவிட்டாள். பழைய அகவரைவை மட்டும் பத்திரமாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். விலகல் சிவப்பானால் இவருக்குப் பதில் அகவரைவு வாக்களிக்கும், வாக்கெடுப்பு முடிந்ததும் பழையதை ஏற்றிவிடலாம், மாத்திரைக்கு நாள் குறிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் நிலைகாட்டி சொன்னது: "அருள்சீலன் ஐயா, உங்கள் பேச்சு உங்களிடமிருந்து விலகியிருக்கிறது."

அவர் சண்டை போடுவார், இயந்திரம் கெட்டுவிட்டது என்று கத்துவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கும் இந்த வயசுலதான் வந்துச்சு" என்றார்.

நிலைகாட்டியில் நினைவூட்டல் பயிற்சி என்று ஒன்று உண்டு. அகவரைவில் இருப்பதை அது சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் போல அதன் முன் அமர்ந்தார் அருள்சீலன்.

"மதகுகளைத் திறக்க வேண்டும்" என்றது அது.

"மதகுகளைத் திறக்க வேண்டும்" என்றார் அவர்.

சில நாட்களில் அவர் விளக்கு பச்சையானது. சிவப்பைத் தொடவே இல்லை. வாக்கெடுப்பு அன்று தானே போய், மதகுகளைத் திறக்கச் சொல்லி வாக்களித்துவிட்டு வந்தார். "இப்பதான் தெளிவா இருக்கு" என்றார். பெரிய வித்தியாசத்தில் சுவர் வென்றது. ஊரே எதிராக நின்றபோது அவருடைய ஒரு வாக்கு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

வீட்டில் சண்டை நின்றுபோனது. பெனிட்டா எது சொன்னாலும் அவர் நிலைகாட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒரு மதியம் பெனிட்டா அவர் தட்டில் மத்திமீன் குழம்பை ஊற்றியபோது தயங்கினார்.

"இது எனக்குப் பிடிக்குமான்னு அதுகிட்ட கேட்டேன். ரொம்பப் பிடிக்குமாம்" என்று சொல்லிவிட்டு, தெம்பாகச் சாப்பிடத் தொடங்கினார்.

பெனிட்டாவால் தாங்க முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி, பலகை, செயலி, அவருடைய குரல் எல்லாவற்றையும். "நீங்க மாறலங்க. நான்தான் அதுக்குள்ள மாத்தி வச்சேன்."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, குழந்தையைத் தொடுவது போல அவள் தோளைத் தொட்டார்.

"அண்ணனும் இதயேதான் சொன்னாரு பெனி. யாரோ உள்ள பூந்து மாத்திட்டாங்கன்னு. நாம நாளைக்கே டாக்டரப் பாப்போம், என்ன?"

அன்று மாலை அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில் பெனிட்டா பழைய நகலை ஏற்றினாள். பழைய அருள்சீலன் நிலைகாட்டிக்குள் வந்துவிட்டார். ஆனால் வெளியே இருந்தவர் புதியவர். அடுத்த காலையில் அவர் வாயைத் திறந்ததுமே விளக்கு அடர் மஞ்சளுக்குப் போனது. நினைவூட்டலில் நிலைகாட்டி, "சுவரை உயர்த்த வேண்டும்" என்றது. அவர் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு வந்தால் மாத்திரை. அண்ணனைப் போல எல்லாப் பெயரும் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

பெனிட்டா நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டாள்.

"சுவரை உசத்தத்தாங்க வேணும்" என்றாள்.

"இல்ல பெனி. இசக்கிப்ரியா வீட்டை யோசிச்சுப் பாரு."

"நம்ம வீட்டை நீங்க யோசிங்க. தண்ணி உள்ள வந்த அந்தக் காலையில என்ன பண்ணினோம்?"

அவருடைய பழைய வாதங்களையே எடுத்து, தான் நம்பாததை அவள் நம்புகிறவள் போல வாதாடினாள். அவர் மறுத்தார், குரலை உயர்த்தினார், மேசையைத் தட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டது. அவள் பக்கத்து விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நிலைகாட்டி எச்சரித்தது. அவர் சட்டென்று பேச்சை நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், நிறுத்து. நீ இப்படிப் பேசுதவ இல்ல. மதகைத் திறக்கணும்னு சொல்லு. ஒரு தடவ சொல்லிரு, பெனி."

அவளுக்குச் சொல்ல வாய் வந்தது. அதுதான் உண்மையும்கூட. விழுங்கிக்கொண்டாள்.

"தண்ணி கதவிடுக்கு வழியா வந்துச்சு" என்றாள். "பாப்பாவத் தூக்கி மேசை மேல வச்சீங்க."

"மேசை மேல இல்ல" என்றார் அவர்.

"மேசை மேலதான்."

"மேசைதான் மிதந்துச்சே! பீரோ மேல வச்சேன். அவ பயந்து என் முடியப் புடிச்சுக்கிட்டா." அருள்சீலன் நிறுத்தினார். நிலைகாட்டியைப் பார்க்காமலே, அறையின் எந்த மூலையில் பீரோ நின்றதோ அந்த மூலையைப் பார்த்தார். "கழுத்து வரைக்கும் தண்ணி. உப்புத் தண்ணி. நான் அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன்..."

"பெனிட்டா அம்மா, உங்கள் விலகல் சிவப்பு எல்லையைத் தொட்டிருக்கிறது. நலமையத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது" என்றது நிலைகாட்டி.

பெனிட்டா திரும்பவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டாள். "சொல்லுங்க."