குட்டைக்கு அந்தப் பக்கம்

பிரவீனா மட்டையை ஓங்கி வீசினாள். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு கொத்துப் புல் மட்டும் பறந்துபோய்த் தூரத்தில் விழுந்தது.

"இன்னைக்குப் புல் நல்லாப் போச்சுங்க சார்," என்றாள் அவள்.

கோல்ஃப் பயிற்சியாளர் சஹீர் சார் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு யார்தான் சிரிப்பார்கள்?

"தோளைத் தூக்குற, கண்ணு. தளர்த்தி விடு," என்றார் கொட்டாவியோடு.

"சரிங்க சார்," என்றாள் பிரவீனா. அவளுக்கும் கொட்டாவி வந்தது.

கோல்ஃப் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதல்ல. அவளுடைய பள்ளியில் ஆறாம் வகுப்பு வந்துவிட்டால் ஆளுக்கொரு விளையாட்டில் சேர்ந்தாக வேண்டும். சேரும் நாளன்று பார்த்துக் கருமத்தம்பட்டியில் அவர்களுடைய விசைத்தறி ஒன்று மக்கர் செய்தது. அப்பா திருமூர்த்தி அதைச் சரிசெய்துவிட்டுப் பள்ளிக்குப் போனபோது நீச்சல் நிறைந்திருந்தது. சதுரங்கமும் நிறைந்திருந்தது.

"கோல்ஃப் இருக்குதுங்க," என்றார்கள்.

"நல்ல விளையாட்டுங்களா?"

"பெரிய பெரிய ஆளுகதான் ஆடுவாங்க."

"அப்பச் சரிங்க," என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தக் குடும்பத்தின் பழக்கமே அதுதான். பெரியவர்கள் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்றுதான் வாயில் வரும். 'வேண்டாங்க' என்ற சொல் வீட்டில் இருந்தது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாவது முறை சோறு போட வரும்போது மட்டும்தான் அதை வெளியே எடுப்பார்கள். அப்போதும் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முதல் மாதம் பிரவீனாவின் பந்து நன்றாகவே போனது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வீசினாள், பந்து போனது.

அதன் பிறகுதான் எல்லோரும் சொல்லித்தர ஆரம்பித்தார்கள்.

அப்பா தறியை நிறுத்தியதும் கைப்பேசியில் கோல்ஃப் வீடியோ பார்ப்பார். "அம்மணி, தலையை ஆட்டாத. இந்த வெள்ளைக்காரன் பாரு, ஈ மொய்ச்சாக்கூட ஆட்டமாட்டான் போலிருக்குது."

"சரிங்கப்பா."

பெரியப்பா காளிச்சாமி அவிநாசியிலிருந்து வருவார். அவருக்கும் தறி இருந்தது. வாலிபத்தில் கிரிக்கெட் ஆடியவர். "முட்டியை மடக்கு கண்ணு. எல்லா விளையாட்டுக்கும் முட்டிதான்."

"சரிங்க பெரியப்பா."

கூடப் படிக்கும் அஃப்ரா அவளுடைய உயிர்த்தோழி. "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோடி," என்றாள்.

"சரிடி."

சஹீர் சாரோ ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒன்று சொல்வார். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, இப்போது தோள். பிரவீனா எதையும் தள்ளவில்லை. பெரியவர்கள் சொன்னதைத் தள்ளலாமா? எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள். மட்டையைத் தூக்கியதும் தலைக்குள் பொள்ளாச்சி மாட்டுச்சந்தை கூடிவிடும். முழங்கை ஒரு பக்கம் கத்தும். முட்டி ஒரு பக்கம் கத்தும். அந்தக் கூச்சலில் பந்தை யார் பார்ப்பது?

உள்ளங்கை சிவந்து எரிந்தது. அறிவியல் வகுப்பில் கண் தானாகச் சொருகியது. சும்மா இருந்து தோற்றால் இவ்வளவு அலுப்பு வராது. பாடுபட்டுப் பாடுபட்டுத் தோற்பதுதான் ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது.

விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அஃப்ரா குட்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மைதானத்தின் நடுவே தண்ணீர் நிறைந்த ஒரு குட்டை இருந்தது. இந்தப் பக்கம், புதிதாகப் பழகுகிறவர்களின் குட்டி பேட்ச். அந்தப் பக்கம் பெரிய பேட்ச். பக்கம் மாற ஒரு தேர்வு உண்டு. ஆளுக்கு மூன்று பந்து தருவார்கள். ஒரு பந்தாவது குட்டையைத் தாண்டிவிட்டால் பெரிய பேட்ச். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் குட்டிகளோடுதான். அஃப்ரா போன வாரமே தாண்டிவிட்டாள். பிரவீனாவுக்கு வரும் சனிக்கிழமை.

குட்டி பேட்சில் மற்ற எல்லோருக்கும் ஆறு வயது, ஏழு வயது. அவர்களுக்கு நடுவில் பிரவீனா மின்கம்பம் மாதிரி நின்றாள். ஆறு வயதுப் பவன் முதல் நாளே அவளிடம் கேட்டான்.

"ஆன்ட்டி, உங்க பாப்பா எந்த வரிசையில நிக்குது?"

"நானும் பாப்பாதான்டா!"

"பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி."

அன்றிலிருந்து அவள் ஆன்ட்டிதான்.

புதன்கிழமை மாலையும் பயிற்சி நடந்தது. பவன் தன் குட்டி மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் பந்து ஒரு பக்கம் பறக்கும், அவன் ஒரு பக்கம் விழுவான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் சுழற்றுவான்.

திடீரென்று அவன் பிரவீனாவிடம் ஓடி வந்தான். "ஆன்ட்டி, விழாம அடிக்கிறது எப்படிங்க?"

பிரவீனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அவளிடம் யோசனை கேட்ட முதல் ஆள்! எல்லோரும் கொடுத்தவர்கள்தானே? அவளிடம் சரக்கு மலைபோலக் குவிந்து கிடந்தது. எடுத்து விட்டாள்.

"முழங்கை நேரா இருக்கணும். முட்டி மடங்கணும். தலை ஆடக் கூடாது. இடுப்பு திரும்பணும். தோள் தூக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான்."

"சரிங்க ஆன்ட்டி," என்றான் பவன்.

அவன் மட்டையைத் தூக்கினான். பாதியில் நின்றான். முழங்கையைப் பார்த்தான். முட்டியைப் பார்த்தான். கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பின. முகம் சிவந்தது. அதற்கு மேல் தாங்காமல் 'புஸ்' என்று மூச்சை விட்டபடி மட்டையை இறக்கினான். பந்து அசையவில்லை.

இன்னொரு தடவை. அசையவில்லை.

மற்றொரு தடவை. காற்றுதான் அடிபட்டது.

பவன் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வீசினான். உதடு பிதுங்கியது. "எனக்கு கோல்ஃப் வராதுங்க ஆன்ட்டி."

பிரவீனாவுக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை! தனக்கு ஆறு மாதத்தில் நடந்ததை இவனுக்கு ஆறே நிமிடத்தில் செய்துவிட்டாளே! கெடுப்பதிலாவது தனக்கு இவ்வளவு திறமை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பிதுங்கிய உதட்டைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவனை எப்படியாவது பழையபடி ஆக்கியாக வேண்டும். எங்கே கெட்டது? முழங்கையிலா? இல்லை. பாதியில் நின்றானே, அங்கேதான். சுழற்றும்போதே உள்ளே புகுந்து சரிபார்க்கப் போனான்.

இது அவள் பார்த்த சங்கதி ஆயிற்றே!

தறியில் நூல் அறுந்தால் அப்பா முதலில் தறியை நிறுத்துவார். நிதானமாக முடிச்சுப் போடுவார். எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார். ஓட ஆரம்பித்துவிட்டால் யாரும் கிட்டே போகக் கூடாது. "ஓடற தறிக்குள்ள கையை உடாதீங்க!" என்று அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அப்பா வீடே அதிரக் கத்துவார்.

"பவன், எந்திரி," என்றாள் பிரவீனா. "நான் சொன்னதையெல்லாம் மறந்துபோடு."

"பூராவுமா?"

"பூராவும். அடிக்கறதுக்கு முன்னாடி நின்னு பாரு. பந்து எங்க போகணுமோ அந்த இடத்தைப் பாரு. என்ன யோசிக்கணுமோ அப்பவே யோசிச்சுக்கோ. மட்டையைத் தூக்கிட்டீன்னா தறி ஓட ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஒண்ணும் யோசிக்காத."

"தறி எப்படி ஓடும் ஆன்ட்டி?"

"டடக், டடக்குன்னு ஓடும்."

பவன் எழுந்தான். தூரத்தில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தான். 'டடக்' என்று மட்டையைத் தூக்கினான். 'டடக்' என்று வீசினான். பந்து பறந்தது. அவனும் விழுந்தான்.

"போச்சுங்க ஆன்ட்டி! பந்து போச்சு!" என்று படுத்தபடியே கத்தினான்.

"விழாம அடிக்கணும்னு கேட்டியே?"

"விழுந்தாப் பரவாயில்லைங்க."

பிரவீனா அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. தன் பந்தின் முன் நின்றாள். டடக், டடக். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பந்து போயிருந்தது. ரொம்ப தூரமில்லை. ஆனாலும் போயிருந்தது. புல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் சஹீர் சாரிடம் போனாள். "சார், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, தோள் எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சுக்கணுங்களா?"

சார் திடுக்கிட்டார். "எல்லாத்தையுமா? முழங்கை எப்பவோ சரியாயிருச்சே கண்ணு. இன்னுமா அதையே நினைச்சுட்டு இருக்கற?"

"நீங்க போதும்னு சொல்லலைங்களே சார்."

சஹீர் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். பவன் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தான். குட்டைக்கு அந்தப் பக்கம், ஓரத்து மரத்தடியில், அஃப்ராவின் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

பிரவீனா முதல் பந்தை வைத்தாள். மட்டையைத் தூக்கினாள்.

"அம்மணி, தலை!" என்றார் அப்பா.

பிரவீனாவுக்குத் தலை நினைவு வந்தது. பந்து 'பொளக்' என்று தண்ணீரில் விழுந்தது. குட்டை ஓரத்தில் நின்ற கொக்கு சலித்துக்கொண்டு பறந்துபோனது.

இரண்டாவது பந்து. அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். மட்டை மேலே போனது.

"கண்ணு, முட்டி முட்டி!" என்றார் பெரியப்பா.

பொளக்.

"கடைசிப் பந்து கண்ணு," என்றார் சஹீர் சார் மெதுவாக.

பிரவீனாவுக்குக் கை கனத்தது. அப்படியே புல்லில் படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது. 'பேசாம இருங்க' என்று பெரியப்பாவிடம் சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் இந்தப் பந்தும் தண்ணீருக்குள்தான். இன்னும் ஒரு வருடம் மின்கம்பம்தான்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றருகே நடந்தாள்.

"ஏன் கண்ணு, கை நோவுதா?" என்றார் அப்பா.

"இல்லைங்கப்பா. தறி ஓடறப்ப நீங்க எங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"கையை உள்ள உடாதீங்கன்னு சொல்லுவேன். அதுக்கென்ன இப்ப?"

"நான் மட்டையைத் தூக்கினா தறி ஓடுதுங்கப்பா."

அப்பா அவளையே பார்த்தார். அவளுடைய சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

"அதில்ல கண்ணு, அந்த முட்டி மட்டும்..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

அப்பா அவர் தோளைத் தொட்டார். "தறி ஓடுதுங்ணா."

பெரியப்பாவும் தறிக்காரர்தானே? வாயை மூடிக்கொண்டார்.

பிரவீனா திரும்பி வந்தாள். பந்தை வைத்தாள். குட்டையைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, மறுகரையில் ஒரு இடத்தைப் பார்த்தாள். அங்கேதான் போக வேண்டும். சந்தையில் இருந்த முழங்கை, முட்டி, மூச்சு எல்லாம் கலைந்து வீட்டுக்குப் போகட்டும்.

டடக். டடக்.

'டிக்.'

பந்து அப்படியொன்றும் அழகாகப் போகவில்லை. அப்பா பார்த்த வீடியோவில் யாரும் அப்படி அடித்திருக்க மாட்டார்கள். தண்ணீருக்கு மேலே தாழ்வாக, தயங்கித் தயங்கிப் போவது போலப் போய், அந்தக் கரையின் சேற்றில் 'பொத்'தென்று விழுந்தது.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சார், சேறு குட்டையில சேருங்களா, கரையில சேருங்களா?" என்று பவன் கேட்டான்.

சஹீர் சார் கால் விரலில் எம்பிப் பார்த்தார். "பந்து தண்ணியில நனையலைன்னா கரைதான்."

அதற்குள் அஃப்ரா ஓடிவந்து பந்தின் பக்கத்தில் குனிந்திருந்தாள். "நனையலை சார்! சேறுதான்! வெறும் சேறுதான்!" என்று அவள் போட்ட கூச்சலில் அப்போதுதான் திரும்பி வந்து நின்ற கொக்கு மறுபடியும் பறந்தது.

"ஆன்ட்டி பாஸ்!" என்று பவன் குதித்தான்.

"பாத்தியா தம்பி, முட்டி எப்படி மடங்குச்சுன்னு?" என்றார் பெரியப்பா.

"தலை ஆடவே இல்லீங்ணா," என்றார் அப்பா.

இருவரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும். தறிதான் நின்றுவிட்டதே.

பிரவீனா மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குட்டையைச் சுற்றி நடந்தாள். ஓடத்தான் ஆசை. காலில் தெம்பில்லை. பந்து ஒரு நொடியில் போன தூரம், சுற்றி நடந்தால் இவ்வளவா? ஒருவழியாக அஃப்ரா நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"வந்துட்டியா! ஏண்டி இவ்வளவு நேரம்?" என்றாள் அஃப்ரா. "பெரிய பேட்ச்ல பந்து விழுந்த இடத்துல இருந்துதான் ஆடணும். நீ அடி."

பந்தில் பாதிதான் வெளியே தெரிந்தது. மீதி சேற்றுக்குள் இருந்தது.

"இதுக்குள்ள இருந்து எப்படிடி அடிக்கறது?"

அஃப்ரா வாயைத் திறந்தாள். தோழியின் களைத்த முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? உன் பந்து, நீயே பாத்துக்கோ," என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றாள்.

பிரவீனா மட்டையை ஓங்கி வீசினாள். சேறுதான் முதலில் பறந்தது. அஃப்ரா இன்னும் நான்கடி தள்ளி நின்றிருக்கலாம்.